வல்லை வெளியில் கதைத்த பெட்டி

ஐயா, நீர் ஆரென்று எனக்குத் தெரியாது. எந்த நாட்டில், எந்தக் கதிரையில் இருந்துகொண்டு உந்த வேலையைப் பார்த்தீரோ, அதுவும் தெரியாது. ஆனால் காருக்கு வழி சொல்லும் பெட்டிக்குள் பெண்குரலை முதன்முதலில் வைத்த ஆள் நீர்தான். நீர் கலியாணம் கட்டாத ஆளாய் இருக்கவேண்டும். கட்டியிருந்தால், முன் சீற்றில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பீர். யோசிக்கவில்லை. அதனால் கொடிகாமத்தில் ஒரு மனிதன் பட்ட பாட்டை நீர் கேட்கத்தான் வேண்டும். முடியும்வரை கதிரையை விட்டு எழும்பக்கூடாது.

அந்த மனிதன் பெயர் தியாகராசா. கொடிகாமம் சந்தையில் தேங்காய், மாங்காய், பூசணிக்காய் மொத்தமாக வாங்கி விற்கிறவர். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு அவரைக் கைகழுவியது. மிச்சத்தைச் சந்தை அடித்துப் படிப்பித்தது. கோபம் எப்போதும் மூக்கு நுனியில். சந்தை படிப்பித்ததில் ஒன்றை மட்டும் அவர் வேதமாக வைத்திருந்தார்: வியாபாரி முன்னால் அடுக்கி வைத்திருப்பதை வாங்காதே, பின்னால் ஒளித்து வைத்திருப்பதைக் கேள். இந்த வேதப்படிதான் அவர் தராசு வாங்கினார், கார் வாங்கினார். அந்தக் காரை விற்றவன் அதை விற்பதற்கு நினைத்தே இருக்கவில்லை.

காரின் இடப்பக்கச் சீற்றில் அவருடைய மனைவி சிவமலர். முப்பது வருடமாக அங்கே இருந்து வழி சொல்லி வருகிறவர். "இடத்தாலை திருப்புங்கோ" என்று சிவமலர் சொன்னால் தியாகராசா வலத்தால் திருப்புவார். முதல் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவன் வியாபாரி இல்லை. முதல் சொன்ன வழியில் திரும்புகிறவன் ஆம்பிளை இல்லை. இந்தக் கொள்கையால் இருவரும் பளைக்கு வெளிக்கிட்டுப் பருத்தித்துறை பார்த்திருக்கிறார்கள்.

இப்படி இருக்கையில் மகள் நிரோஜாவுக்கு ஆவணியில் கலியாணம் முற்றாகியது. எங்கள் பக்கத்தில் கலியாணத்தை நேரே போய்ச் சொல்லவேண்டும். புருசனும் பெண்சாதியுமாய் வாசலுக்குப் போய், அழைப்புக் காட்டைக் கையில் கொடுத்து, தேத்தண்ணி குடித்து எழும்பவேண்டும். சொல்லாத வீடு வராது. வராத வீடு மூன்று தலைமுறைக்கு மறக்காது. சிவமலர் வீடுகளின் பெயரெல்லாம் எழுதிய கடுதாசியைத் தியாகராசா தூரப்பிடித்துப் பார்த்தார்.

"கடைசியா ஆற்றை வீடு இது? எழுத்துச் சின்னனாக் கிடக்கு."

"உங்கடை கண்ணுக்கு அது சின்னனாத்தான் தெரியும். தொண்டைமானாறு. எங்கடை சோமண்ணை வீடு."

"உவன்ரை வீட்டுப் படலையைத் தாண்டி என்ரை கால் படாது எண்டு நான் சத்தியம் பண்ணினது மறந்து போச்சோ?"

"ஒன்பது வருசமா ஒவ்வொரு நாளும் சொல்லுறியள். எப்பிடியப்பா மறக்கிறது?"

"மாமி செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி! ஊரே பாத்துக்கொண்டிருக்க என்னை ரண்டாம் பந்தியிலை இருத்தினவன்! ஒரே ஒரு மருமகனை!"

"தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்கு என்ன கலியாணம்?"

"தபாலிலை போடு."

சிவமலர் கடுதாசியை நாலாக மடித்தார். தாயார் நல்லம்மா இறந்த வீட்டில்கூட அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

அடுத்த நாள் மிருசுவிலில் இருக்கிற ஒரு வீட்டுக்குக் கலியாணம் சொல்ல வெளிக்கிட்டு, இருவரும் கிளாலிக் கடற்கரையில் போய் நின்றார்கள். முன்னால் தண்ணீர். கார் அணைந்தது. அந்த இடத்தில் தியாகராசா தன் வரலாற்று முடிவை அறிவித்தார்.

"இனி என்ரை காருக்குள்ளை வழி சொல்லுற வாய் உன்ரை வாயா இருக்கக்கூடாது. அந்தப் பெட்டி வாங்கப்போறன்."

பின் சீற்றில் இருந்த நிரோஜா, "அப்பா, போனிலையே மேப் இருக்கு" என்றாள்.

"போன் வழி சொன்னா, வாற கோலை ஆர் எடுக்கிறது? உன்ரை கொம்மாவோ?"

சிவமலர் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "வாங்குங்கோ. அடுத்த கிழமை ஆறுதலாப் போய், நல்லதா ஒண்டு பாத்து வாங்குங்கோ."

முப்பது வருடத்தில் முதல்தடவையாக மனிசி உடனே ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் ஒரு வியாபாரிக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். தியாகராசாவுக்கு வரவில்லை.

அடுத்த கிழமை யாழ்ப்பாணப் பட்டணத்தில் பிரகாஸின் கடைக்குப் போனார். காருக்குள் பூட்டுகிற சாமான் எல்லாம் விற்கிற கடை. பிரகாஸ் கண்ணாடிக்கு மேல் மூன்று பெட்டிகளை வைத்தான்.

"இது ஏழு இஞ்சித் திரை அண்ணை. இது பின்னுக்குக் கமராவோடை வரும். இதுக்கு மேப்பை வருசா வருசம் புதுப்பிச்சுத் தருவினம்."

தியாகராசா ஒவ்வொன்றையும் காதோடு வைத்து, தேங்காயைச் சுண்டுவதுபோல விரலால் சுண்டிப் பார்த்தார்.

"கொடிகாமம் சந்தைக்குப் பின்னாலை ஒரு ஒழுங்கை போகுது. உதுகளுக்குத் தெரியுமோ?"

"சின்ன ஒழுங்கை எல்லாம் வராது அண்ணை."

"எனக்குத் தெரிஞ்சதே உதுக்குத் தெரியாது. பேந்தென்ன எனக்கு வழி சொல்லுறது? வையும் உள்ளுக்கை."

அப்போதுதான் கண்டார். மேசை லாச்சி அரைவாசி திறந்திருந்தது. உள்ளே, பழைய பேப்பர் சுற்றிய ஒன்று. பிரகாஸ் அவர் பார்ப்பதைப் பார்த்தான். முழங்காலால் லாச்சியை மெல்லத் தள்ளி மூடினான்.

"அதென்ன?"

"அது ஒண்டுமில்லை அண்ணை."

"ஒண்டுமில்லாததை ஏன் பேப்பர் சுத்தி வைச்சிருக்கிறீர்?"

"அது விக்கிறதுக்கில்லை. கொண்டுபோன ஆக்கள் திருப்பிக் கொண்டுவந்து தந்தவை."

"ஏன்?"

பிரகாஸ் கடை வாசலைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "அண்ணை, மற்றப் பெட்டியள் நீங்கள் சொல்லுற இடத்துக்குக் கொண்டுபோகும். உது நீங்கள் போகவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகுமாம்."

தியாகராசாவின் முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஆனால் சந்தைக்காரனின் மூளை அதைத் தட்டிவிட்டது. நல்ல சாமானை ஒளிக்கிறவன் சொல்லாத பொய்யா?

"எடும் அதை."

"வேண்டாம் அண்ணை. சொன்னாக் கேளுங்கோ."

"தம்பி, நான் பேய்க்கே பூசணிக்காய் வித்தவன். எடும்!"

அரை மணித்தியாலம் பேரம். பிரகாஸ் இரண்டுமுறை கைகூப்பினான், ஒருமுறை கண்ணைத் துடைத்தான். பெட்டியைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு தியாகராசா இறங்கி வந்தபோது, உலகத்தையே பாதி விலைக்கு அடித்த நடை.

முதல் பயணம் மயிலிட்டிக்கு. அவரிடம் தேங்காய் வாங்குகிற படகுக்காரர் ஒருவருக்குக் கலியாணம் சொல்ல. சின்ன எழுத்துத் தெரியாததால் முகவரியைச் சிவமலர்தான் பெட்டியில் தட்டினார். விரலுக்கு வாய் இல்லைத்தானே என்று தியாகராசா அனுமதித்தார்.

"முந்நூறு மீற்றரில் வலதுபுறம் திரும்பவும்," என்றது பெட்டி. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பிள்ளையின் குரல். மரியாதையான குரல். ஏன் பிந்தினீர்கள் என்று கேட்காத குரல். சிவமலர் மடியில் காட் பையை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார். தியாகராசா சந்தோசத்தில் சீழ்க்கை அடித்தார்.

ஆனால் மயிலிட்டியை அண்ட, திரையில் வீதி நின்றுபோனது. போரில் வெளியேறிய சனம் திரும்பி வந்து கனகாலம் ஆகாத நிலம். கூரையில்லாத வீடுகளின் அறைகளுக்குள் மரங்கள் வளர்ந்து, யன்னலால் கையை நீட்டிக்கொண்டு நின்றன. கார் தார் வீதியில்தான் போய்க்கொண்டிருந்தது. பெட்டியிலோ வெறும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள் ஒரு அம்புக்குறி தனியே நீந்தியது. குரல் ஒன்றும் சொல்லவில்லை. சீழ்க்கை தானாக நின்றது.

படகுக்காரர் வீட்டைக் கடைசியில் கண்டுபிடித்து, சொல்லி, தேத்தண்ணி குடித்து, திரும்பி வருகையில் அச்சுவேலியில் பெட்டி வாய் திறந்தது.

"தொண்டைமானாறு நோக்கித் திரும்பவும்."

"அதை ஆர் கேட்டது?" என்றார் தியாகராசா.

"என்னோடையோ கதைக்கிறியள்?" என்றார் சிவமலர்.

"இல்லை."

"தொண்டைமானாறு நோக்கித் திரும்பவும்."

தியாகராசா காலை அழுத்தி மிதித்தார். கொடிகாமம் வரும்வரை பிறேக்கில் கால் வைக்கவில்லை.

இரண்டாவது பயணம் நெல்லியடிக்கு. அங்கே இரண்டு வீடு சொல்லிவிட்டு, அச்சுவேலியில் ஒரு வீட்டுக்கு. இடையில் வல்லை வெளி. நீர் வல்லை வெளியைக் கண்டிருக்கமாட்டீர். மரமில்லை, வீடில்லை. இரண்டு பக்கமும் உவர் நிலமும் சேற்றுத் தண்ணியும். நடுவில் ஒரு வீதி. மத்தியான வெயிலில் வீதி தூரத்தில் உருகித் தண்ணியாய்த் தெரியும். கிட்டப் போனால் இராது. அன்றைக்குச் சோளகக் காற்று காரைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு சைக்கிள்கூட இல்லை.

"தம்பி."

தியாகராசா சிவமலரைப் பார்த்தார். சிவமலரின் வாய் மூடியிருந்தது. கண்ணும் மூடியிருந்தது. காற்றில் சேலைத் தலைப்பு மட்டும் அசைந்தது.

"ஆறுதலா ஓடும் தம்பி. காத்துப் பெலமாக் கிடக்கு."

செய்தி வாசிக்கிற பிள்ளை இல்லை. கொஞ்சம் கரகரத்த, வெற்றிலை போட்ட வாயிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். "தம்பி" என்பதை அப்படி இழுத்துச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். மாமியார் நல்லம்மா. அவரைத் தியாகராசா தன் தோளில் சுமந்துகொண்டுபோய் எரித்து ஒன்பது வருடம்.

கார் கீச்சிட்டு நின்றது. சிவமலர் கண் முழித்தார்.

"என்னப்பா, ஆடு குறுக்கை வந்ததோ?"

"கேட்டியோ?"

"எதை?"

"பெட்டி... பெட்டி கதைச்சது."

"கதைக்கத்தானே வாங்கினியள்?"

"தம்பி எண்டு கூப்பிட்டது! உன்ரை கொம்மா!"

சிவமலர் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "எனக்கொண்டும் கேக்கேல்லை. காலமை சாப்பிடாமல் வந்தியள்தானே. அம்மா எங்கையப்பா பெட்டிக்குள்ளை வாறது, அவ்வளவு உடம்பு."

அன்று அச்சுவேலி வீட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் தியாகராசா பெட்டியைக் கழற்றி, திரை முழுக்கத் திருநீறு பூசி, அலுமாரிக்குள் வைத்துத் திறப்பைப் போட்டுப் பூட்டினார். பிறகு பிரகாஸுக்குக் கோல் எடுத்தார். "நான் அப்பவே சொன்னனான் அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிரகாஸ் வைத்துவிட்டான். அவன் குரலும் நடுங்கியது.

மூன்றாம் நாள் வல்வெட்டித்துறைக்குப் போகவேண்டும். சிவமலர் காரில் ஏறி, வெறுமையான இடத்தைப் பார்த்தார்.

"பெட்டி எங்கை? கழட்டிப்போட்டியளோ? அப்ப நான் வழி சொல்லட்டே?"

தியாகராசா ஒரு நிமிடம் யோசித்தார். ஒரு பக்கம் செத்த மாமி. மறுபக்கம் உயிரோடிருக்கிற மனிசி சொல்கிற வழி. இறங்கிப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து பூட்டினார்.

வல்வெட்டித்துறை வரை பெட்டி செய்தி வாசித்தது. அங்கே காட் கொடுத்துவிட்டு வெளிக்கிட, கடலுக்கு மேல் வானம் கறுத்து வந்தது. மழை வரமுதல் வீடு சேரவேண்டும் என்ற அவசரம். பெட்டி சொன்ன சந்தியெல்லாம் திரும்பினார். இடம். வலம். மதகு தாண்டி இடம். புதுத் தகர வேலிகள், புது மதில்கள், அவருக்குத் தெரியாத வீடுகள். வீதி ஒடுங்கி ஒழுங்கையானது. இரண்டு கண்ணாடியும் வேலியில் உரசின. ஒரு சனம் இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் கார் போக நாய் குரைக்கவில்லை என்றால், அது இந்த உலகத்து ஒழுங்கையாய் இருக்கமுடியாது.

அப்போது அந்தக் கரகரத்த குரல்.

"பூசணிக்காய்க்கு விலை பேசிக்கொண்டு நிக்காமல் நேரத்துக்கு வந்திருந்தா, முதல் பந்தியிலை இருந்திருப்பீர் தம்பி."

தியாகராசாவின் இரத்தம் பாதத்துக்கு இறங்கியது. அந்தியேட்டி அன்று புத்தூர்ச் சந்தியில் ஒரு பூசணிக்காய் லொறி நின்றது உண்மை. அவர் இறங்கி ஒன்றரை மணித்தியாலம் பேரம் பேசியதும் உண்மை. முதல் பந்தி எழும்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார். இதை அவர் உயிரோடிருக்கிற ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஒழுங்கை முடிந்தது. முன்னால் ஒரு படலை, விரியத் திறந்தபடி. ஒன்பது வருடத்துக்கு முந்தி நீலம். இப்போது பச்சை. ஆனால் அதே படலை.

பின்னுக்கு எடுக்கலாம் என்று திரும்பிப் பார்த்தார். ஒழுங்கை வாயில் விறகு ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்து குறுக்கே நின்றது. அதில் ஓட்டுநரைக் காணவில்லை. காரைத் திருப்பவேண்டுமென்றால் ஒரே வழி: படலைக்குள்ளால் போய், வளவுக்குள் வைத்துத் திருப்புவது.

"கார்தான் போகுது," என்று தியாகராசா உரத்துச் சொன்னார், கேட்பவர் யாராக இருந்தாலும் கேட்கட்டும் என்று. "என்ரை கால் பெடலிலைதான் கிடக்கு. மண்ணிலை படேல்லை!"

வளவுக்குள் போனதும் கார் தானாக அணைந்தது. பதற்றத்தில் அவரே அணைத்தாரோ தெரியாது. விறாந்தையில் இரண்டு கதிரைகள் போட்டிருந்தன. நடுவில் ஸ்ரூலில் பலகாரத் தட்டு. ஆள் இல்லை. சிவமலர் கதவைத் திறந்து இறங்கி, நேரே உள்ளே போய் மறைந்தார். காருக்குள் தியாகராசாவும் பெட்டியும் மட்டும்.

"இறங்கும் தம்பி," என்றது பெட்டி. "தேத்தண்ணி ஆறுது."

"மாமி, நான் சத்தியம் பண்ணிப்போட்டன்," என்றார் தியாகராசா. ஐம்பத்தெட்டு வயது மனிதன், பெட்டியிடம்.

அந்த நேரம் வீட்டு மூலையால் சிவமலரின் தமையன் சோமசேகரம் வந்தார். வெள்ளை வேட்டி, மெலிந்த உடம்பு, தலை முழுக்க நரைத்திருந்தது. கார்க் கண்ணாடிக்குக் குனிந்தார்.

"மச்சான், சத்தியத்தை நான் உடைக்கச் சொல்லேல்லை. மண்ணிலை கால் படக்கூடாது, அவ்வளவுதானே? பாய் விரிச்சா?"

தியாகராசாவின் காதில் ஒரு பழகிய சத்தம் கேட்டது. பேரம். உயிர் திரும்பி வந்தது.

"எத்தினை பாய்?"

"ஒண்டு."

"ஒண்டு காணாது. கார்க் கதவிலை இருந்து விறாந்தை வரைக்கும் மூண்டு வேணும்."

"ரண்டு."

"மூண்டு! இல்லாட்டி இஞ்சையே இருப்பன்!"

சோமசேகரம் பெருமூச்சு விட்டார். "சரி. நீங்கள் வெண்டிட்டியள் மச்சான். மூண்டு."

மூன்று பாய் விரிந்தது. தியாகராசா ராசநடையில் அதன்மேல் நடந்து வந்து, காட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "நிரோஜாவுக்கு ஆவணியிலை கலியாணம். நீங்கள் முன்னுக்கு நிண்டு நடத்தவேணும்." சோமசேகரம் காட்டை வாங்கவில்லை. அவரைக் கட்டிப்பிடித்தார். அந்த மெலிந்த தோள் குலுங்க, தியாகராசாவும் முதுகைத் தடவிக்கொடுத்தார். அது வேறு விசயம். இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

கதிரையில் இருந்த பிறகுதான் கண்டார். கதவுக்குப் பின்னால் நாலாவது பாய் ஒன்று சுருட்டிச் சாத்தியிருந்தது.

"உது என்னத்துக்கு?"

சோமசேகரம் நெளிந்தார். "தங்கச்சி சொன்னவ, நீங்கள் மூண்டு கேப்பியள், எதுக்கும் நாலா எடுத்து வையுங்கோ எண்டு."

குசினிக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்து, இழுத்து: "தம்பீ, தேத்தண்ணி ஆறுது!"

சிவமலர் தட்டோடு வந்து நின்றார்.

"நீயோ?" என்றார் தியாகராசா. "பெட்டிக்குள்ளை நீயோ?"

"பின்னை? பிரகாஸின்ரை கடையிலை ஒரு காலமை முழுக்க இருந்து பதிஞ்சனான். எந்த இடம் வந்தா எதைச் சொல்லவேணும் எண்டு அந்தப் பெடியன்தான் ஒழுங்குபண்ணித் தந்தவன். தொண்டைமானாறு முகவரியைத் தட்டினது நான். லாச்சியை அரைவாசி திறந்து வை, கேட்டா இல்லையெண்டு சொல்லு எண்டனான். ஒரு கிழமையா ஒளிச்சு வைச்சிருந்தவன், பாவம்."

"பூசணிக்காய்?"

"அந்தியேட்டி வீட்டுக்கு டிக்கியிலை ஏழு பூசணிக்காயோடை வந்த மனிசன் நீங்கள் ஒராள்தான். ஊருக்கே தெரியும்."

"உழவு இயந்திரம்?"

"அண்ணையின்ரை. நாயளை அயலிலை கட்டச் சொன்னனான், நீங்கள் பயப்பிடக்கூடாதெண்டு."

"அப்ப அது மாமியின்ரை குரல் மாதிரி..."

"பிள்ளைக்குத் தாயின்ரை குரல் வராமல் ஆற்றை குரல் வரும்? முப்பது வருசமா இதே வாயாலைதான் உங்களுக்கு வழி சொல்லுறன். அதிலை ஒரு நாளாவது காது குடுத்துக் கேட்டிருந்தா, முதல் சொல்லிலையே பிடிச்சிருப்பியள்."

தியாகராசா தேத்தண்ணியைக் குடித்தார். சுட்டது. கோபப்படலாமா என்று யோசித்தார். தாய்மாமன் காட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

"எல்லாத்தையும் மன்னிச்சாலும்," என்றார், "அந்த வல்லை வெளியிலை, காத்துக்குள்ளை, ஆறுதலா ஓடும் தம்பி எண்டு சொன்னியே. அதை மன்னிக்கமாட்டன். உயிர் போட்டுது எனக்கு."

சிவமலர் தட்டை ஸ்ரூலில் வைத்தார்.

"வல்லையிலையோ? இந்த ஒழுங்கைக்கும் வளவுக்கும்தானே நான் பதிஞ்சனான். வல்லைக்கு ஒண்டும் பதியேல்லையே."

"விளையாடாதை மலர்."

"அண்டைக்கே சொன்னனான்தானே, எனக்கொண்டும் கேக்கேல்லை எண்டு."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாமல் இருப்பதும் ஒரு சிரிப்போ என்று தியாகராசாவுக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் அந்தக் குரலைக் கேட்காத மனிதன், அந்த முகத்தை மட்டும் படித்தா வைத்திருப்பார்?

அன்றிலிருந்து இன்றுவரை அவர் பிறகும் பிறகும் கேட்டுவிட்டார். அதட்டிக் கேட்டார், கெஞ்சிக் கேட்டார், ஒரு காப்பு வாங்கித் தருகிறேன் என்று பேரமும் பேசினார். சிவமலர் காப்பை வாங்கினார். பதில் மாறவில்லை. பெட்டியை வேறு ஆருக்கும் விற்கவும் பயம், எறியவும் பயம். அது இன்னும் காரில்தான் இருக்கிறது. வல்லை வெளி தொடங்கினால் தியாகராசா இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "இஞ்சேர் மலர், ஏதாவது கதையுமப்பா. வாய் மூடாமல் கதையும்." வல்லைப் பாலம் தாண்டும்வரை சிவமலர் வழி சொல்கிறார். வல்லையில் இருப்பது ஒரே ஒரு வீதி. அதற்கும் சொல்கிறார். அவரும் ஓம் ஓம் என்று கேட்கிறார்.

இதுதான் ஐயா நீர் செய்துவைத்த வேலை. இனியும் கதிரையில் இருந்துகொண்டு எனக்கென்ன என்று சொல்லமுடியாது. உமக்குக் கொஞ்சமாவது மானம் இருந்தால் நேரே கொடிகாமத்துக்கு வாரும். வந்து உம்முடைய பெட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கிறதையெல்லாம் பிரித்துப் பார்த்து, வல்லை வெளியில் கதைத்தது ஆரென்று அந்த மனிதனுக்கு ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் போம்.

வழி தெரியாவிட்டால் சிவமலரைக் கேளும்.